அளவு சொல்லாத சமையல்



வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று விழாக் குழுவினர் நினைத்திருப்பார்கள். எங்கள் வகுப்பின் சார்பில் நாங்கள் தொலைக்காட்சிச் சமையலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நீரிழிவு தானாக வந்து சேரும்.

நாங்கள் பார்த்த முதல் சமையல் நிகழ்ச்சி மனையியல் பாடத்தில் கரும்பலகையில் நடந்தது. பொருளாதாரத் தடைக் காலம். ரீச்சர் கேக் செய்முறையை எழுதுவா: மா இவ்வளவு, சீனி இவ்வளவு, முட்டை இத்தனை. சீனியைக் கண்ணால் காண்பதே அரிது. கேக் வேகவேயில்லை. ஆனால் அளவுகள் இன்றும் எங்களுக்குப் பாடம்.

அந்தக் காலத்தில்தான் வெளியே ஒரு புது உலகம் தொடங்கியது. 1993 ஏப்ரலில் சென்னையில் சன் ரிவி வந்தது. அதே வருடம் நவம்பரில் நியூயோர்க்கில் ‘ஃபூட் நெற்வேர்க்’ என்று சமையலுக்கென்றே ஒரு அலைவரிசை வந்தது. இங்கே நாங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டுக்கொண்டிருந்தோம்.

ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் தோழிகளுக்கு அந்த அலைவரிசையின் கதை எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆரம்பத்தில் அங்கே ஒரு மேசை, ஒரு சமையற்காரர், ஓர் அளவுக் கரண்டி. ஜூலியா சைல்ட் 1963இல் பொஸ்ரன் பொதுத் தொலைக்காட்சியில் போட்டுத் தந்த பாதை அது. 1997இல் எமரில் லகாசே அரங்கு நிறைய ஆட்களை இருத்தி, கைதட்டலுக்கு நடுவே சமைத்தார். பிறகு ஜப்பானின் ‘அயர்ன் செஃப்’ போட்டி ஆங்கிலக் குரலோடு வந்தது. 2009இல் ‘சொப்ட்’: நான்கு பேர், மூடிய கூடை, ஓடுகிற மணிக்கூடு, ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் வெளியே. செய்முறை சொல்லும் நிகழ்ச்சிகள் மெல்ல மெல்ல மாலை நேரத்தைப் போட்டிகளுக்கு விட்டுக்கொடுத்தன. காரணம் விளங்காததல்ல. செய்முறை தெரிந்ததும் எழும்பிப் போய்விடலாம். யார் வெல்லுவார் என்று தெரியும்வரை எழும்ப முடியாது.

தமிழிலும் இதேதான். மல்லிகா பத்ரிநாத், ரேவதி சண்முகம் போன்றவர்கள் பக்கத்து வீட்டு அக்காபோல நிதானமாகச் சொல்லித் தந்தார்கள். விஜய் ரிவியின் ‘சமையல் சமையல்’ நிகழ்ச்சியில் வெங்கடேஷ் பட் ஏன் வெங்காயம் முதலில், ஏன் தக்காளி பிறகு என்று விளக்கினார். 2019 நவம்பரில் அதே விஜய் ரிவியில் ‘குக்கு வித் கோமாளி’ தொடங்கியபோது அவரும் செஃப் தாமுவும் நடுவர் நாற்காலியில் இருந்தார்கள். வாத்தியார் நடுவராகிவிட்டார்! அடுத்த வருடம் கொரோனா வந்து வீட்டோடு அடைந்திருந்தபோது நாங்களும் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அதைக் குறை சொல்ல மனம் வராது.

ஆனால் எங்கள் ஊருக்குள் மின்சாரக் கம்பம் திரும்பி வந்தது போர் முடிந்த பிறகுதான். சொல்லித் தந்த காலத்தை நாங்கள் பார்க்கவேயில்லை. நேரே போட்டிக் காலத்துக்குள் இறங்கிவிட்டோம். இது சின்ன விசயமல்ல. கிளினிக்கில் “உப்பு எவ்வளவு போடுறீங்கள் அம்மா?” என்று கேட்டால், “ரிவியில அள்ளிப் போடுறாங்கள், நானும் கண் அளவுதான் பிள்ளை” என்கிறார் ஒரு தாய். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மட்டமாக ஒரு தேக்கரண்டி. கருவாடும் ஊறுகாயும் சேர்த்துத்தான் கணக்கு. போட்டி மேடையில் இந்தக் கணக்கைச் சொல்ல யாருக்கு நேரம்?

இன்னொன்று. எங்கள் ஒடியல் கூழும் குரக்கன் பிட்டும் முருங்கையிலைச் சொதியும் இந்த அலைவரிசைகளில் எப்போதாவது வந்தால் பெரிய காரியம். அதனால் எங்கள் வகுப்பு ஒரு வேலை தொடங்கியிருக்கிறது. அம்மாவோ அம்மம்மாவோ குசினியில் நிற்கும்போது போனில் படம் பிடிக்கிறோம். “ஒரு சிறங்கை” என்று அவர் சொன்னால் அந்தச் சிறங்கையை அப்படியே தராசில் வைக்கச் சொல்கிறோம். “என்ர கையில நம்பிக்கை இல்லையோ?” என்று ஏச்சு விழுகிறது. பரவாயில்லை, வாங்கிக்கொள்கிறோம். ஒவ்வொரு கையும் ஒவ்வொரு நிறை காட்டுகிறது.

1990இல் தண்ணீரூற்றை விட்டு ஒரே நாளில் போகவேண்டி வந்த எங்கள் முஸ்லிம் தோழி ஒருத்தி, புத்தளத்திலிருந்து போன கிழமை குரல் பதிவு அனுப்பினாள். அவளுடைய உம்மா பெருநாளுக்கு எங்கள் எல்லோருக்கும் கொடுத்துவிட்ட வட்டிலப்பம்: இத்தனை முட்டை, இவ்வளவு கருப்பட்டி, தேங்காய்ப்பால் முதற்பால் மட்டும். ஏலக்காய் எத்தனை என்பது அவளுக்கு மறந்துபோயிற்று. உங்களில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.