கல்லை அரைத்துக் கடலில் கொட்டினால் பரிகாரம் ஆகுமா?

(ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நடந்த கூட்டங்களில் பேசியது)



கடலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று நோட்டீசில் கண்டதும், "கடலே இல்லாத ஊரில் கடலைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். ஆனால் கடலைத் திருத்துவதற்கென்று இப்போது சொல்லப்படும் மருந்து சுண்ணாம்பும் கல்லும் ஆகும். சுண்ணாம்புக்கல்லைப் பற்றி இந்த ஜில்லாக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பந்தல்குடிப் பக்கம் அதை வெட்டுவதையும், அது சிமெண்டாவதையும் கண்ணால் பார்க்கிறவர்கள் நீங்கள்.

விஷயம் இதுதான். நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் கரியமில வாயு ஆகாயத்தில் சேருகின்றது. யந்திரத் தொழில் வருமுன் காற்றில் 10 லட்சம் பங்குக்கு 280 பங்காக இருந்தது, 2024-ல் 420 பங்குக்கு மேல் போய்விட்டது. பூமிக்குக் கம்பளி போர்த்தியது போல அது சூட்டைப் பிடித்து வைக்கிறது. நாம் விடும் வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. வாங்கிய பலனாகக் கடலில் அமிலம் முன்னைவிடச் சுமார் 30 சதவிகிதம் ஏறியிருக்கிறது. சிப்பிக்கும் சங்குக்கும் பவளப் பூச்சிக்கும் கூடு கட்டுவது கஷ்டமாகி வருகிறது.

இதற்குச் சில விஞ்ஞானிகள் ஒரு வழி சொல்லுகிறார்கள். அதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வையுங்கள். மேலே நிற்கும் தெளிநீரை இறுத்து, உறிஞ்சிவிடாமல் ஒரு குழாயால் அதில் ஊதிப் பாருங்கள். தண்ணீர் பால்போல் வெளுக்கும். ஒரு சாமியார் இதைச் செய்தால் தட்டில் பணம் விழும், நாம் செய்தால் ரசாயனப் பாடம்! மூச்சிலுள்ள கரியமில வாயுவைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டதுதான் அந்த வெளுப்பு. விடாமல் நெடுநேரம் ஊதினால் அந்த வெளுப்பும் கரைந்து தண்ணீர் மறுபடி தெளிந்துவிடும். அப்போது வாயு வேறு உருவத்தில் தண்ணீருக்குள் தங்கிவிட்டது என்று அர்த்தம். கடலிலும் இதுவே நடக்கிறது. அப்படித் தங்கியது பல்லாயிரம் வருஷம் தங்கும்.

இயற்கை இந்த வேலையை ஆதிமுதல் செய்து வருகிறது. நமது மேற்கு மலையில் பெய்யும் மழை காற்றிலுள்ள வாயுவைக் கரைத்துக்கொண்டு கல்லை அரிக்கிறது, ஆறு அதைக் கடலில் சேர்க்கிறது. ஆனால் இது மகா மெதுவான வேலை. கல்லுப்பைவிடத் தூள் உப்புச் சீக்கிரம் கரைவது போல, கல்லை மாவாக அரைத்துப் போட்டால் வேலை துரிதப்படும் என்பதே இவர்களுடைய யோசனை. 1995-ல் எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியைச் சேர்ந்த விஞ்ஞானி ஹாரூன் கேஷ்கி என்பவர் கடலில் சுண்ணாம்பு கலக்கலாம் என்று எழுதினார். ஹாலந்து தேசத்து ஷூலிங் என்பவர் ஆலிவின் என்னும் பச்சைக் கல்லை அரைத்துக் கடற்கரையில் பரப்பலாம் என்றார். 2024-ல் அமெரிக்காவில் வட கரோலினாக் கரையோரம் சுமார் 8,200 டன் ஆலிவின் மணலைக் கடலில் கொட்டிச் சோதனை தொடங்கினார்கள். நமது சேலத்தில் வெள்ளைக்கல் வெட்டும் இடத்திலேயே, பெரும்பாலும் ஆலிவினால் ஆன டூனைட் கல்லும் கிடைக்கிறது.

தோழர்களே! இதை நாம் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளவில்லை. ரசாயனம் பொய் சொல்லாது. ஆனால் ரசாயனத்தின் பேரால் கணக்குச் சொல்லுகிறவன் பொய் சொல்லலாம் அல்லவா? ஆகவே கணக்குக் கேட்போம்.

பால்கோவா கிண்டுகிறவர் பாலுக்கும் சர்க்கரைக்கும் மட்டுமா கணக்கு வைக்கிறார்? விறகுக்கும் வைக்கிறார். அதுபோல் பாருங்கள். 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கரியமில வாயு ஆகாயத்துக்குப் போகும். அந்தச் சுண்ணாம்பைக் கடலில் போட்டால் 70 கிலோவுக்கு மேல் வாயுவை வாங்கக்கூடும். காளவாயில் போன 44-ஐயும் எரித்த விறகின் வாயுவையும் கழித்தால் மிச்சம் சொற்பமே. காளவாய் வாயுவை வெளியே விடாமல் பிடித்து அடைத்தால்தான் லாபம்.

ஆலிவினைச் சுட வேண்டியதில்லை, அரைத்தால் போதும். சுத்தமான ஆலிவின் ஒரு டன், முழுவதும் கரைந்தால், அதிகமாகப் போனால் ஒன்றேகால் டன் வாயுவைப் பிடிக்கும். நடைமுறையில் அதற்கும் குறைவு. அப்படியானால் 100 கோடி டன் வாயுவை நீக்க ஏறக்குறைய 100 கோடி டன் கல்லை வெட்டி, அரைத்து, ஏற்றி, கொட்ட வேண்டும். 2024-25-ல் இந்திய தேசம் முழுவதும் வெட்டிய நிலக்கரியே சுமார் 100 கோடி டன்தான்! இவ்வளவு பாடுபட்டு நீக்குவது, உலகம் நிலக்கரி, எண்ணெய், சிமெண்டு வகையில் ஒரு வருஷத்தில் விடும் சுமார் 3,700 கோடி டன்னில் 37-ல் ஒரு பங்கு. அந்தக் கல்லை அரைக்கும் மின்சாரமும் நிலக்கரியில் வந்தால் என்ன மிஞ்சும்? கல்லோடு கூட நிக்கலும் குரோமியமும் கடலில் இறங்குமே, அதை மீன் தின்றால் யார் ஜவாப்தாரி?

நல்ல யோசனை என்பதாலேயே பலன் வந்துவிடாது என்பதற்கு நமது தேசத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 2009-ல் கோவாவிலுள்ள தேசியக் கடலாராய்ச்சி நிலையமும் ஜெர்மானிய ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து தென்கடலில் 'லோஹாஃபெக்ஸ்' என்ற சோதனை செய்தன. சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு உப்பைக் கரைத்தார்கள். பாசி வளரும், வாயுவை இழுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகும் என்பது எதிர்பார்ப்பு. பாசி வளர்ந்தது. ஆனால் சின்னஞ்சிறு கடல் ஜந்துக்கள் அதைத் தின்றுவிட்டன, ஆழத்துக்குப் போனது அற்பமே. அந்த விஞ்ஞானிகள் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். இதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதை! பலிக்காத யாகத்தை எந்தப் புரோகிதராவது பலிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டது உண்டா?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கல்லைக் கொட்டும் கம்பெனி, 'இவ்வளவு டன் வாயு நீங்கியது' என்று சீட்டு எழுதி விற்கிறது. புகை விடும் கம்பெனி அதை வாங்கிக்கொண்டு, "எங்கள் பாவம் தீர்ந்தது" என்கிறது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பாதிரிகள் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள், 1517-ல் மார்ட்டின் லூதர் அதை எதிர்த்தார். நம் நாட்டில் சேதுவில் முழுகினால் சகல பாவமும் போகும் என்கிறார்கள். அந்தச் சரக்கே இன்று கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு வந்தால் நாம் கும்பிட வேண்டுமா? கொட்டிய கல்லுக்கு ரசீது இருக்கலாம். ஆனால் எவ்வளவு கரைந்தது, எவ்வளவு வாயு இறங்கியது என்பதைப் பரந்த கடலில் அளப்பது மிகவும் கஷ்டம். தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததா என்று பாராமல், வடத்தைத் தொட்டவனுக்கெல்லாம் பரிவட்டம் கட்டுவது போன்றது இது.

கடலில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூரதேசம் போக வேண்டாம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையைப் பல வருஷம் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த பாறை போயிற்று, இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. லாபம் ஒருவனுக்கு, நஷ்டம் மீன்பிடிப்பவனுக்கு! 2023-ல் பிரிட்டனில் செயிண்ட் ஐவ்ஸ் ஊரார், தங்கள் கடலில் மக்னீசியச் சரக்குக் கலக்கும் சோதனையை எதிர்த்துக் கடற்கரையில் திரண்டார்கள். அவர்களைக் கேட்க வேண்டுமென்றால் தூத்துக்குடி மீனவரையும் கேட்க வேண்டாமா?

ஆகவே நாம் சொல்லுவது: சோதனை நடக்கட்டும், சிறிய அளவில், பகிரங்கமாக நடக்கட்டும். சரக்கு விற்கிறவன் அளக்கக் கூடாது, வேறொருவர் அளக்கட்டும். மீனவர் சம்மதமில்லாமல் ஒரு கூடைக் கல்லும் இறங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் புகையைக் குறைக்கட்டும். ஓட்டைக் குடிசையில் ஒழுகுகிற தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பதைவிடக் கூரையை வேய்வது சுலபம், மலிவு. கூரை வேய்ந்த பின்னும் தேங்கி நிற்கும் தண்ணீரை இறைக்கக் கல்லும் சுண்ணாம்பும் உதவினால் தாராளமாக உதவட்டும்.

நாம் சொன்ன கணக்கையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். நாளைக்கே சுண்ணாம்பைக் கரைத்து ஊதிப் பாருங்கள். பிறகு பென்சிலை எடுத்துக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். சரியாக வந்தால் நாலு பேருக்குச் சொல்லுங்கள், வராவிட்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நம்மையே கேளுங்கள்.