பெரிய எண்களும் சிறிய பிள்ளைகளும்

(ஆண்டுவிழாவில் நிகழ்த்திய பேச்சு)



கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையிலே சிலர் எழுந்திருக்க ஆயத்தமாவதைக் காண்கிறேன். சற்றுப் பொறுத்திருங்கள்.

நமது மாலை வகுப்பிலே ஒரு சிறுவனுக்கு 500இலிருந்து 268ஐக் கழிக்கும்படி கொடுத்தேன். 368 என்று எழுதினான். மூன்று தடவை விளக்கியும் அதே விடை. பொறுமையிழந்து தலையில் ஒரு குட்டும் வைத்தேன். அதை இச்சபையிலே ஒளிக்க விரும்பவில்லை. மறுநாள் அவன் தகப்பனாரின் கடையில் 268 ரூபாவுக்குச் சாமான் வாங்கி, ஐந்நூறு ரூபாத் தாளை நீட்டினேன். காசுப்பெட்டியடியில் நின்றவன் அதே சிறுவன். இரண்டு ரூபாவை வைத்து "இருநூற்றெழுபது" என்றான். முப்பதை வைத்து "முந்நூறு" என்றான். இருநூறை வைத்து "ஐந்நூறு, சரி மாஸ்டர்" என்றான். 232 ரூபா. ஒரு சதமும் பிழையில்லை. வெட்கத்தோடு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பின்பு அவன் கொப்பியை மீண்டும் பார்த்தேன். பூச்சியத்திலிருந்து எட்டுப் போகாது. ஆகவே எட்டிலிருந்து பூச்சியத்தைக் கழித்து எட்டு என்று எழுதியிருக்கிறான். அவ்வாறே ஆறு. ஐந்தில் இரண்டு போக மூன்று. ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான். கவனக்குறைவு என்று நான் எண்ணியது, பிழையான ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றியதன் விளைவு. 1978ஆம் ஆண்டிலே ஜோன் சீலி பிரவுண், றிச்சேட் பேர்ட்டன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் மாணவரின் கழித்தற் பிழைகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையிலும் இப்பிழை இடம்பெற்றுள்ளது.

அந்த விதியைக் கொடுத்தவர்களும் நாமே. "சிறியதிலிருந்து பெரியது போகாது" என்று சின்ன வகுப்பிலே சொல்லிவிட்டு, பிறகு "பக்கத்தில் கடன் வாங்கு" என்கிறோம். வாங்கிய கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று ஒரு சிறுமி என்னைக் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆகவே கடன் என்ற சொல்லை விட்டு, கட்டவிழ்த்தல் என்றே இப்பொழுது சொல்கிறேன். பத்து ஈர்க்கு ஒரு சிறுகட்டு. பத்துச் சிறுகட்டு ஒரு பெருங்கட்டு. ஐந்து பெருங்கட்டில் ஒன்றை அவிழ்த்தால் பத்துச் சிறுகட்டு. அவற்றில் ஒன்றை அவிழ்த்தால் பத்து ஈர்க்கு. 500 என்பது 400, 90, 10 ஆகப் பிள்ளையின் கண்முன்னே கிடக்கும். பழைய தமிழ் இலக்கங்களிலே பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. ஐந்நூறை ஐந்தின் குறியும் நூறின் குறியும் சேர்த்து எழுதினர். பூச்சியமிட்டு எழுதும்போது அந்த நூறு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. இடத்தைக் கொண்டே அறியவேண்டும். பிள்ளை தடுமாறுவது அங்கேதான்.

கட்டு விளங்கியபின் வேறு வழிகளும் காட்டலாம். இரண்டு எண்ணிலும் ஒவ்வொன்று குறைத்தால் வித்தியாசம் மாறாது. 499இலிருந்து 267ஐக் கழியுங்கள். எதையும் அவிழ்க்க வேண்டியதில்லை. 398உடன் 247ஐக் கூட்டவேண்டுமா? 247இலிருந்து இரண்டை எடுத்து 398க்குக் கொடுத்தால் 400உம் 245உம், 645. இது குறுக்குவழி, பிள்ளையைச் சோம்பேறியாக்கும் என்று பெரியோர் சிலர் சொல்லக்கூடும். ஐயா, சந்தையிலே மிச்சக்காசு கொடுக்கும்போது நீங்களும் அச்சிறுவனைப்போல மேல்நோக்கித்தானே எண்ணுகிறீர்கள்?

அடுத்த வகுப்புக்கு வரும் இளைஞர்கள் தென்னோலை ஈர்க்கும் நூற்பந்தும் கொண்டு வாருங்கள். ஐந்நூறு ஈர்க்கு வேண்டும். அந்தச் சிறுவனைக் கொண்டே எண்ணிக் கட்டுவிக்க நினைத்திருக்கிறேன்.