பொறாமையும் அறச்சீற்றமும்
(மரக்காணம் உப்பளத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, நாள் முழுக்க அளத்துல நின்னுட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க. உங்ககிட்ட கிரேக்கத்தப் பத்திப் பேசணுமான்னு தோணும். 2013 ஏப்ரல் 25 அன்னிக்கு, மாமல்லபுரத்து விழா நாளில், இங்கே நம்ம சனங்க வீடு எரிஞ்சதைப் பேசத்தான் அங்க போறேன்.

அரிஸ்டாட்டில் தன் பேச்சுக்கலை நூலில் இரண்டு வலிகளைப் பிரிக்கிறார். தகுதியில்லாதவன் நல்லா இருந்தால் வருவது அறச்சீற்றம், நல்லவனுக்குரிய குணமாம். தன்னை ஒத்தவன் நல்லா இருந்தால் வருவது பொறாமை, அது கீழ்க்குணம். சரி, தகுதியை அளக்கிறது யாரு? அவரே சொல்லிவிடுகிறார்: பழைய பணக்காரனைவிடப் புதுசா வந்தவன் மேல்தான் சீற்றம் அதிகம் வரும், ரொம்ப நாளா இருப்பது இயற்கை மாதிரித் தெரியும். மனு தனியா எழுத வேண்டியதே இல்ல!

1995 ஆகஸ்ட் 31, கொடியன்குளம். வெளிநாட்டில் உழைத்த காசில் எழுந்த வீடுகளுக்குள் போலீஸ் புகுந்து சாமான்களை நொறுக்கியது. 2012 நவம்பர் 7, தருமபுரி நத்தம் காலனி. காரணம் காதல் கல்யாணம் என்றார்கள். எரிந்தது பைக்கும் பீரோவும். பெங்களூர் போய்ச் சேர்த்த காசு. குடிசையில இருந்தவரைக்கும் நம்மைப் பார்த்துப் ‘பாவம்’ என்றவன்தான், ஜீன்ஸ் போட்டதும் பண்பாடு கெட்டுச்சுங்கிறான். பொறாமைன்னு ஒத்துக்க அவனால முடியாது. ஒத்துக்கிட்டா, நாம அவனுக்குச் சமம்னு ஆயிடும்.

அரிஸ்டோஃபனிஸின் ‘செல்வம்’ நாடகம், கி.மு. 388. செல்வக் கடவுள் குருடு. மனுசங்க மேல பொறாமைப்பட்டுச் சியூஸ் கண்ணைப் பிடுங்கிவிட்டான். கண் திரும்புது, ஏழை வீட்டுக்குச் செல்வம் வருது. உடனே பொய்வழக்குப் போட்டுப் பிழைச்ச ஒருத்தன் ஓடி வர்றான்: அநியாயம், ஊருக்குழைச்ச நான் அழிஞ்சேன்! நாம பார்த்த ஆளுதான். ஆனா அந்த வீட்டு அடிமை காரியோன் கடைசிவரை அடிமையாவே இருக்கான். நாடகம் அதைக் கண்டுக்கவே இல்ல.

அரிஸ்டாட்டில் இன்னொண்ணும் சொல்றார். அடிமைக்குணம் உள்ளவனுக்குச் சீற்றமே வராதாம். தனக்கு எதுக்கும் தகுதியில்லைன்னு அவன் நினைக்கிறானாம். இது நம்மைப் பற்றிய பேச்சு, கோபப்படாம கேளுங்க. மழை மாசங்கள்ல அளத்துல வேலை கிடையாது. அதுக்கு 2022-ல் அரசு தந்த நிவாரணம் வருசத்துக்கு 5,000 ரூபா. நம்ம தகுதி அவ்வளவுதான்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க, பார்ப்போம்.