சயரோகமும் நம் லயங்களும்



சயரோகம் சாபமன்று. 1882இல் றொபேட் கொக் கண்டறிந்த கிருமியே அதன் காரணம். மாத்தளைத் தோட்டங்களின் காற்றோட்டமற்ற லயங்களில் அது எளிதில் தொற்றும். ஆகவே சன்னல்களைத் திறந்து வைப்போம்; இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம்.

மருந்து இலவசம்; சாதாரணமாக ஆறு மாதம் உண்ணவேண்டும். இரண்டாம் மாதமே உடம்பு தேறியதுபோலிருக்கும். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகலாம்.

நோயாளியை விலக்கவேண்டுமா? 1959இல் வெளியான சென்னை ஆய்வில், வீட்டிலிருந்து மருந்துண்டவர்களும் ஆஸ்பத்திரியில் தங்கியவர்களைப் போலவே குணமடைந்தார்கள். வீட்டாருக்கும் அதனால் ஆபத்து மிகவில்லை.

பெண்ணுக்கு வரன் தவறுமென்று இருமலை மறைக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அவ்வீடுகளுக்கே நாம் முதலில் போவோம். தரும் தேநீரையும் குடிப்போம். கோப்பையால் இந்நோய் பரவுவதில்லை.