செய்மதி கண்ட வெள்ளமும் காணாத வீடுகளும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



செய்மதித் தொலையுணர்வு பற்றிப் பேசச் சொன்னார்கள். தந்திருப்பது பத்து நிமிடம். ஆகவே ஒரேயொரு வெள்ளத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2018 டிசம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருமழை. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. வயல்களும் குடிமனைகளும் நீரில் மூழ்கின. மேலிருந்து படமெடுத்தால் எல்லாம் தெரியும் என்றுதான் நினைப்போம். ஆனால் 1972 இல் ஏவப்பட்ட முதலாவது லாண்ட்சற் தொடக்கம், சூரிய ஒளியில் படமெடுக்கும் செய்மதிகளுக்கு முகில் பெருந்தடை. தேவைப்படும் நாளிலேயே அவை வெள்ளைப் பஞ்சைத்தான் காட்டும்.

ஐரோப்பாவின் சென்டினல்-1 வேறுவகை. அது தானே நுண்ணலையை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. முகிலும் இருளும் அதை மறைப்பதில்லை. அமைதியான நீர்ப்பரப்பு அலையைக் கண்ணாடிபோல அப்பால் தெறிக்கவிடுவதால், படத்தில் கறுப்பாகத் தெரியும். தரவு இலவசம்.

சிக்கல் இனித்தான். குளமும் கறுப்பு, காலபோகத்தில் தண்ணீர் கட்டிய, பயிர் உயராத வயலும் கறுப்பு. எனவே வெள்ளத்துக்கு முந்திய படத்தோடு ஒப்பிட்டு, புதிதாய் வந்த கறுப்பை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். வீடுகளுக்கு நடுவே தேங்கிய நீரிலோ நிலைமை மறுதலை. நீரில் பட்ட அலை சுவரில் மோதித் திரும்பிவிடுவதால் அவ்விடம் வெளிச்சமாகத் தெரியலாம். மரஞ்செறிந்த வளவுகளிலும் நீர் மறைந்துவிடும். மூழ்கிய வீடு வரைபடத்தில் உலர்ந்த நிலமாகும். அந்த வரைபடத்தை மட்டும் நம்பி நிவாரணப் பட்டியல் எழுதினால் விடுபடுவது யார்?

அதோடு, ஒரு சென்டினல்-1 அதே பாதைக்குத் திரும்பிவர 12 நாள். இடையில் ஏறி வடிந்த வெள்ளத்தை அது காணாது. ஆகையால் விதானையாரின் கொப்பியும் வேண்டும். எந்த ஒழுங்கையில் எந்த நாள் முழங்காலளவு நின்றது என்ற குறிப்பும் வேண்டும். (இதைச் சொன்னால் எம் துறையினர் சிலர் முகஞ்சுளிப்பர்.)

வெள்ளமில்லாக் காலத்திலும் இதே கல்வி உதவும். பச்சை இலை அண்மை அகச்சிவப்பை மிகுதியாகத் தெறிப்பதால் வாடும் பயிரையும் அழியும் கண்டற்காட்டையும் இனங்காணலாம். லாண்ட்சற்றின் பழைய படங்களும் 2008 முதல் இலவசம்.

சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். மென்பொருளுக்குக் காசு வேண்டாம். நூற்றாண்டு நிதியில் புவியியல் அறைக்கு இரண்டு கணினிகள் தாருங்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த தவணையில் நானே வந்து பழக்குகிறேன்.