ரேடார் வந்தா வைஃபை வழி விடணும்

ரவுட்டரை ஆன் பண்ணா 2.4 உடனே வந்துடுது, 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஒரு நிமிஷம் கழிச்சு வருது, கவனிச்சிருக்கீங்களா? என் வீட்டுல அது நடுவுல திடீர்னு காணாமலும் போகும். ரவுட்டர் பழுதுன்னுதான் நினைச்சேன்.

உண்மையில அந்த ஒரு நிமிஷம் அது காது கொடுத்துக் கேட்டுக்கிட்டு இருக்கு. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில பெரிய பகுதிக்கு மூத்த உரிமைக்காரங்க ராணுவ ரேடாரும் வானிலை ரேடாரும். ஆனா எல்லா ஊர்லயும் ரேடார் இல்லையே, மத்த இடத்துல அது சும்மாதானே கிடக்கு? அதனால 2003-ல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் ஓர் ஏற்பாடு வந்தது. வைஃபை உள்ளே வரலாம், விருந்தாளியா. சேனலைத் தொடங்கும் முன் 60 வினாடி கேட்கணும். ரேடார் துடிப்பு தெரிஞ்சா 10 வினாடிக்குள்ள காலி பண்ணணும். அப்புறம் 30 நிமிஷம் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது.

எரிச்சல்ல இணையத்துல தேடினேன். "செட்டிங்ல நாட்டை மாத்திடு, இந்தத் தொல்லையே இருக்காது"ன்னு ஒரு குறுக்கு வழி. மாத்தியும்ட்டேன். அப்புறம்தான் சான் ஹுவான் கதையைப் படிச்சேன்.

அது போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர். அங்க விமான நிலையத்துக்காகவே ஒரு டாப்ளர் வானிலை ரேடார் இருக்கு. ஓடுபாதை கிட்ட காற்று சட்டுனு திசையும் வேகமும் மாறினா சொல்றதுதான் அதோட வேலை. தரையிறங்குற விமானத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை. 2009-ல் அந்த ரேடார் படத்துல குறுக்கீடு தெரிய ஆரம்பிச்சது. மழைத்துளியில பட்டுத் திரும்புற ரொம்ப மெல்லிய எதிரொலியைத் தேடுற கருவி அது. அதே அலைவரிசையில சின்னக் கருவி ஒண்ணு பேசினாலே போதும், கெட்டுப்போகும். தேடிப் போனா, கம்பியில்லா இணையம் கொடுக்கிறவங்க உயரத்துல மாட்டின 5 கிகாஹெர்ட்ஸ் பெட்டிகள். சிலதுல ரேடாரைக் கேட்கிற வசதியையே அணைச்சு வச்சிருந்தாங்க. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அபராதம் போட்டது.

படிச்சு முடிச்ச கையோட நாட்டைப் பழையபடி மாத்திட்டேன். சேனலை 36-ல் வச்சேன், அங்க இந்தக் காத்திருப்பு கிடையாது. பக்கத்து ஃபிளாட் வைஃபை எல்லாமே அங்கதான் குடியிருக்கு. அதனால வீடியோ கால் இன்னும் அப்பப்போ திணறுது.