காகிதக் கவச வண்டிகள்



காகிதத்தால் டாங்கி செய்வதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் உங்களிற் சிலருக்கு நகைப்பு வரலாம். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையையும் ஒரு பலகைக்குள் அடக்கி ஆடியவர்கள் நம் நாட்டார் என்பதை நினைவுகூருங்கள். 1824-ஆம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்ய அதிகாரி நிலப்படத்தின்மீது ஆடும் போர்விளையாட்டுக்கு விதிகள் வகுத்தார். 1913-இல் எச். ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி ஆடும் முறையை நூலாக எழுதினார். உண்மைப் போரைவிட இது எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுவே.

கொடைக்கானலில் மழைக்காலத்து மாலைகளில் நான் செய்துவருவது ‘ஸ்டூவர்ட்’ என்னும் இலகு டாங்கி. அதைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 1948-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள், காஷ்மீரத்தில் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள சோஜிலா கணவாயில் இந்த டாங்கிகள் ஏறின. காலாட்படை மட்டும் செய்த முயற்சிகள் அதற்குமுன் பயன்தரவில்லை. ஜெனரல் திம்மய்யா டாங்கிகளைக் கொணரத் துணிந்தார். எதிரி அறியாதிருக்க அவற்றின் சுழல்கோபுரங்களைக் கழற்றித் தனியே கொண்டு சென்றார்கள். பாதையை அகலப்படுத்தியவர்கள் மதராஸ் சாப்பர்கள் எனப்படும் பொறியாளர் படையினர். ஆகவே என் டாங்கியிலும் கோபுரத்தை ஒட்டுவதில்லை, கழற்றும்படியே வைக்கிறேன்.

அளவு நூற்றில் ஒன்று. ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைந்த வண்டி, ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த பொம்மையாகும். உடலின் பக்கங்களையெல்லாம் ஒரே தாளில் விரித்து வரைந்து, மடிப்புக் கோடுகளை மை தீர்ந்த பேனா முனையால் அழுத்தி, பிறகே வெட்ட வேண்டும். துப்பாக்கிக் குழலுக்குத் தையலூசியின்மேல் மெல்லிய தாளைச் சுருட்டுக. தாளுக்கு இழையோட்டம் உண்டு; இரு திசையிலும் வளைத்துப் பாருங்கள், எளிதாக வளையும் திசையே அது. இங்குள்ள மூடுபனி தாளுக்குப் பகை. ஈரத்தை உறிஞ்சிய தாள் இழைக்குக் குறுக்கே விரிந்து கோணிப் போகும். வெட்டுமுன் இருபுறமும் மெல்லிய வார்னிஷ் பூசி உலர்த்திவிடுவது நலம்.

இனி மலை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். டாங்கியின் அளவிலேயே மலையையும் செய்தால் அது 18 மீட்டர் நிற்கும். எந்த வீட்டுக் கூரை தாங்கும்? இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 படத்தில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக உள்ளன. அந்த அளவில் 20 மீட்டர் என்பது 0.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு நல்ல அட்டையின் கனம்! கோட்டுக்கு ஓர் அட்டையாக வெட்டி அடுக்கினால், தொண்ணூறு அட்டையில் பழனிமலைச் சரிவு மேசைமேல் எழுந்துவிடும். அதன் உயரம் 3.6 சென்டிமீட்டரே. நம் கண்ணுக்கு அவ்வளவு செங்குத்தாகத் தோன்றும் மலை, உண்மை அளவில் இத்தனை சாய்வாகக் கிடப்பதைக் கண்டு நான் வியந்திருக்கிறேன். அம்மலை ஆலோசனைக்கு. ஆட்டத்துக்கு, ஒரே ஒரு கொண்டையூசி வளைவை மட்டும் டாங்கியின் அளவில் தனியே செய்துகொள்ளுகிறோம்.

ஆட வரும் சிறுவர்கள் உடனே சுட விரும்புவார்கள். நான் விடுவதில்லை. பாதை போடாத இடத்தில் டாங்கி ஏறாது. ஒவ்வோர் அடிப் பாதைக்கும் சாப்பர்களுக்கு ஒரு முறை ஆட்டம் செலவாகும். சிலர் சலித்துக்கொள்ளுகிறார்கள். சாப்பர் இல்லாத மலைப்போர் விளையாட்டு வெறும் பொய் என்பதே என் எண்ணம். மற்றொரு விதியும் உண்டு. வீழ்ந்த டாங்கியை அகற்றுகிறவர் அந்த இடத்தில் நான்கு தீக்குச்சிகளை வைக்க வேண்டும். ஸ்டூவர்ட்டுக்குள் அமர்ந்து செல்பவர் நால்வர். இந்த விதி வந்தபின், கண்மூடித்தனமாக முன்னேறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கோபுரங்களைக் கழற்றித் தகரப் பெட்டியில் அடுக்கி, இரண்டு பாச்சை உருண்டைகளைப் போட்டு மூடிவிடுங்கள். பூச்சி அணுகாது.